47 ஆண்டுகள், ஒரே பொறுப்பு: நார்மன் ஃபிரான்சிஸும் நியூ ஆர்லியன்ஸ் சேவியர் பல்கலைக்கழகமும்

அமெரிக்காவில் கல்லூரித் தலைவர் பதவியில் நெடுங்காலம் நிலைப்பவர்கள் மிகச் சிலர். அமெரிக்கக் கல்விக் குழு 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அப்போது பதவியில் இருந்த தலைவர்களின் சராசரிப் பணிக்காலம் 6.5 ஆண்டுகள், 2023இல் வந்த அடுத்த அறிக்கையில் அது 5.9 ஆண்டுகளாகக் குறைந்துவிட்டது. இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உள்ள சேவியர் பல்கலைக்கழகத்தை 1968 முதல் 2015 வரை நடத்திய நார்மன் ஃபிரான்சிஸின் பணிக்காலம் ஏழு தலைவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கக்கூடிய நீளம் கொண்டது. ஓய்வு பெற்ற நேரத்தில் அந்நாட்டில் பதவியில் இருந்த பல்கலைக்கழகத் தலைவர்களிலேயே மிக நீண்ட காலம் பணியாற்றியவராக அவர் இருந்தார்.

பதவிக்காலத்தின் நீளத்தை மட்டும் ஒரு சாதனையாக எண்ணுவதற்கில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தே பல ஆண்டுகளைக் கடத்திய நிர்வாகிகளை எல்லா நாடுகளிலும் காணலாம். பலன் தருவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் பிடிக்கும் வேலைகளைத் தொடங்கி, அவை காய்த்துக் கனியும்வரை அதே இடத்தில் நின்று காத்தார் என்பதே ஃபிரான்சிஸை ஆராயத் தக்கவர் ஆக்குகிறது. அந்த நிலைப்பாட்டின் மதிப்பு எவ்வளவு என்பதை 2005ஆம் ஆண்டின் வெள்ளம் சோதித்துக் காட்டியது. அவருடைய பொதுவாழ்வின் மீது சாட்டப்பட்ட முக்கியமான குறையும் அந்த வெள்ளத்தை ஒட்டியே எழுந்ததால், அதையும் இந்த ஆய்வில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம் நாட்டுக் கல்லூரி முதல்வரை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தனியார் கல்லூரியின் தலைவர் பாடத்திட்டத்தையும் ஒழுங்கையும் மட்டும் கவனிப்பவர் அல்லர். நிதி திரட்டுவது, கடன் வாங்குவது, நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்புவது, அரசியல்வாதிகளிடமும் வங்கிகளிடமும் பேசுவது ஆகிய யாவும் அவர் தலையில் விழும். மாதச் சம்பளம் போட முடியாமல் போனால் அறங்காவலர் குழுவின் முன் நின்று பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

நிறுவனத்தின் முன்கதை

ஃபிலடெல்ஃபியா நகரின் பெரும் வங்கிக் குடும்பத்தில் பிறந்த கேத்தரின் டிரெக்சல் துறவறம் பூண்டு, 1891இல் கறுப்பின மக்களுக்காகவும் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்காகவும் உழைப்பதற்கென ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையை நிறுவினார். இனப் பாகுபாட்டுச் சட்டங்கள் கோலோச்சிய லூசியானாவில் கறுப்பின இளைஞரைச் சேர்த்துக்கொள்ளும் கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றுகூட இல்லாத நிலையில், அவர் 1915இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் அதனுடன் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி சேர்ந்தது. 1925இல் அது கல்லூரியாயிற்று. 1927இல் மருந்தியல் கல்லூரியும் வந்தது. கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கத்தோலிக்க நிறுவனம் இது ஒன்று மட்டுமே. டிரெக்சல் 2000ஆம் ஆண்டு அக்டோபரில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இந்தப் பின்னணியில் பணம் தொடர்பான ஒரு செய்தி மிகவும் முக்கியமானது. டிரெக்சலின் தந்தை தம் சொத்தை அறக்கட்டளையில் வைத்து, அதிலிருந்து வரும் வருமானத்தை மகள்கள் தம் வாழ்நாளில் அனுபவிக்கலாம் என்றும், அவர்களுக்கு வாரிசு இல்லாவிட்டால் முதல் முழுவதும் தாம் குறிப்பிட்ட தொண்டு நிறுவனங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தார். அந்த உயில் எழுதப்பட்ட காலத்தில் கேத்தரினின் சபையே தோன்றியிருக்கவில்லை. ஆகவே அதன் பெயர் பட்டியலில் இடம்பெற வழியில்லை. தம் வாழ்நாளில் ஏறத்தாழ 2 கோடி டாலரைப் பள்ளிகளுக்கும் கல்லூரிக்கும் செலவிட்ட அவர் 1955 மார்ச் மாதம் காலமானபோது, அந்த வருமானமும் அன்றோடு நின்றுபோனது. ஒரு செல்வந்தரின் கொடையை நம்பி நாற்பது ஆண்டுகள் நடந்துவந்த நிறுவனம், அந்தக் கொடை வற்றிய பிறகும் வாழ வேண்டியதாயிற்று. ஃபிரான்சிஸ் பொறுப்பேற்றபோது அவர் கைக்கு வந்தது இந்த நிலையில் இருந்த கல்லூரிதான்.

லஃபாயெட்டிலிருந்து

நார்மன் ஃபிரான்சிஸ் 1931 மார்ச் 20 அன்று லூசியானாவின் லஃபாயெட் நகரில் பிறந்தார். தந்தை முடிதிருத்தும் தொழிலாளி; பெற்றோர் இருவருமே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அல்லர். சிறுவனாக இருந்தபோது கடைத்தெருவில் காலணிக்கு மெருகிட்டுச் சம்பாதித்த அவர், கத்தோலிக்கப் பள்ளிக் கன்னியரின் முயற்சியால், வேலை செய்துகொண்டே படிக்கும் உதவித்தொகையுடன் சேவியருக்கு வந்து சேர்ந்தார். குடும்பத்தில் அவர் ஒருவர் மட்டும் உயரவில்லை. அவருடைய அண்ணன் ஜோசப் ஃபிரான்சிஸ் நியூவர்க் மறைமாவட்டத்தின் துணை ஆயராகி, இனவெறியைக் கண்டித்து அமெரிக்க ஆயர்கள் 1979இல் வெளியிட்ட சுற்றுமடல் உருவானதில் முக்கியப் பங்கு வகித்தார்.

1952இல் சேவியரில் பட்டம் பெற்ற நார்மன், அதே ஆண்டு அதே நகரில் இருந்த லொயோலா பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 1954க்கு இரண்டு ஆண்டுகள் முந்தைய நிகழ்வு இது. அந்தச் சட்டக் கல்லூரி சேர்த்துக்கொண்ட முதல் கறுப்பின மாணவர்களில் அவர் ஒருவர். 1955இல் சட்டப் பட்டம் பெற்று, ராணுவப் பணியை முடித்துக்கொண்டு, 1957இல் சேவியருக்கு ஆண் மாணவர்களின் பொறுப்பாளராகத் திரும்பினார். கறுப்பின வழக்கறிஞர்களின் தேவை உச்சத்தில் இருந்த காலம் அது. நீதிமன்றத்தில் வாதாடிப் பெயர் பெறக்கூடிய ஒருவர் மாணவர் விடுதியை நிர்வகிக்கும் வேலையைத் தேர்ந்தெடுத்தார். வழக்கில் வெல்வதால் திறக்கப்படும் கதவுகளுக்குள் நுழைவதற்குத் தயாரான இளைஞர்களும் வேண்டும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும் என்றே அவருடைய பிற்கால வாழ்க்கையைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

அந்த விடுதி 1961 மே மாதத்தில் நாட்டு வரலாற்றோடு இணைந்தது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் பேருந்துகளில் இனப் பிரிவினையை மீறிச் சேர்ந்து பயணம் செய்து போராடிய விடுதலைப் பயணிகளின் பேருந்து ஒன்று, மே 14 அன்று அலபாமா மாநிலத்தின் அனிஸ்டன் நகருக்கு அருகே தீ வைத்துக் கொளுத்தப்பட்டது. மற்றொரு பேருந்தில் வந்தவர்கள் பர்மிங்ஹாம் நகரில் அடித்து நொறுக்கப்பட்டனர். காயங்களோடு விமானத்தில் நியூ ஆர்லியன்ஸ் வந்து இறங்கியவர்களுக்கு எந்த விடுதியும் இடம் தரத் துணியவில்லை. அப்போது கல்லூரித் தலைவராக இருந்த கன்னியரின் அனுமதியைப் பெற்று, அவர்களைப் புனித மைக்கேல் மாணவர் விடுதியில் அமைதியாகத் தங்க வைத்தார் முப்பது வயது ஃபிரான்சிஸ். செய்தி வெளியே கசிந்திருந்தால் விடுதியே தாக்கப்பட்டிருக்கலாம். ஆரவாரம் செய்யாமல் உறுதியாக ஒரு முடிவை எடுத்து, அதற்கான பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் அவரிடம் அப்போதே இருந்தது.

1968

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சேவியரின் தலைவராக ஃபிரான்சிஸின் நியமனம் உறுதியானதும் அதே நாளில்தான். அவருக்கு அப்போது 37 வயது. அதுவரை கன்னியர்களே தலைமை தாங்கிய நிறுவனத்துக்குத் துறவி அல்லாத முதல் தலைவர், முதல் ஆண் தலைவர், முதல் கறுப்பினத் தலைவர் என்ற மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தன. கறுப்பின இளைஞர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் தலைவராக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1970இல் கன்னியர் சபை தன் நிர்வாக அதிகாரத்தைத் துறவியரும் பொதுமக்களும் அடங்கிய அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்தது.

அவர் முன் நின்ற சிக்கல் விசித்திரமானது. இனப் பிரிவினை ஒழிய வேண்டும் என்பதற்காகவே போராடிய கறுப்பினக் கல்லூரிகள், அது ஒழியத் தொடங்கியதும் தம் மாணவர்களையும் ஆசிரியர்களையும் இழக்கத் தொடங்கின. அதுவரை கதவை மூடி வைத்திருந்த பெரிய பல்கலைக்கழகங்கள், இப்போது கறுப்பினத்தின் மிகச் சிறந்த மாணவர்களை உதவித்தொகையோடு அழைத்துக்கொண்டன. நல்ல பேராசிரியர்களுக்குச் சேவியரால் கொடுக்க முடியாத சம்பளத்தைக் கொடுத்தன. இனிமேல் கறுப்பினக் கல்லூரிகள் எதற்கு என்ற கேள்வி பொதுவெளியில் எழுந்தது. அதற்குச் சொல்லால் விடை சொல்லிப் பயனில்லை. வேறெவரும் செய்யாத ஒன்றை அங்கே செய்து காட்ட வேண்டியிருந்தது.

நிதி விஷயத்தில் அவர் செய்தது பொறுமையான சேமிப்பு. 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் வளரும் நிலையிலுள்ள கல்லூரிகளுக்குத் திறந்துவிட்ட கூட்டரசு நிதி, கறுப்பினக் கல்லூரிகள் 1944இல் இணைந்து உருவாக்கிய கூட்டு நிதியம், அறக்கட்டளைகள், முன்னாள் மாணவர்கள் என்று சிறு ஓடைகள் பலவற்றைச் சேர்த்துத்தான் நிறுவனம் நடந்தது. அவர் காலத்தில் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ மும்மடங்காகி, வெள்ளத்துக்கு முன் 4,000ஐ எட்டியது. வைப்பு நிதி பல மடங்கு பெருகியது.

முதலாமாண்டு வேதியியல்

சேவியரின் பெயர் இன்று அமெரிக்க மருத்துவ உலகில் ஒலிப்பதற்குக் காரணம் ஒரு வகுப்பறைச் சீர்திருத்தம். அமெரிக்காவில் பொதுவாக இளநிலைப் பட்டம் பெற்ற பிறகே மருத்துவக் கல்லூரியில் சேர முடியும். மருத்துவராக வேண்டும் என்ற ஆசையோடு கல்லூரிக்கு வரும் ஏழை மாணவர்களில் பலர் முதலாமாண்டு வேதியியலிலேயே சறுக்கி விழுகிறார்கள். வசதியற்ற பள்ளிகளில் படித்து வந்தவர்களுக்கு அறிவுக் குறைவு இல்லை. கணக்கைப் படிப்படியாகப் பிரித்துத் தீர்க்கும் பழக்கமும், நீண்ட பாடப் பகுதியை வாசித்துப் பொருள் கொள்ளும் பயிற்சியும், படிக்கும் நேரத்தை வகுத்துக்கொள்ளும் முறையும் அவர்களுக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை. பல கல்லூரிகள் இந்த முதலாண்டை ஒரு வடிகட்டியாகவே பயன்படுத்திவந்தன. அதில் தங்காமல் போனவர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

1970இல் சேவியருக்கு வந்த வேதியியல் பேராசிரியர் ஜே. டபிள்யூ. கார்மைக்கேலும் அவருடைய அறிவியல் துறைச் சகாக்களும் இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றினார்கள். ஒரே பாடத்தை நடத்தும் எல்லா ஆசிரியர்களும் ஒரே வரிசையில், ஒரே பயிற்சி ஏட்டைக் கொண்டு பாடம் நடத்த ஒப்புக்கொண்டனர். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், எந்த வகைக் கணக்கைத் தீர்க்கத் தெரிய வேண்டும் என்பது முன்கூட்டியே எழுத்தில் மாணவர் கையில் இருந்தது. பருவ இறுதியில் ஒரே பெரிய தேர்வு வைத்து வீழ்த்துவதற்குப் பதிலாக, அடிக்கடி சிறு தேர்வுகள் நடந்தன. சறுக்குபவர் யார் என்பது சில வாரங்களுக்குள் தெரிந்துவிட்டது. உடனே துணை வகுப்புக்கு அழைக்கப்பட்டார். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து படிப்பது கட்டாயம் என்று சொல்லும் அளவுக்கு வலியுறுத்தப்பட்டது. முந்திச் செல்பவர் பின்தங்கியவரை விட்டுவிட்டுப் போவது அங்கே பெருமையாகக் கருதப்படவில்லை.

1970களின் இறுதியில் பள்ளி மாணவர்களுக்கான கோடைக்காலத் திட்டங்கள் சேர்ந்தன. கல்லூரியில் நுழைவதற்கு முந்தைய கோடையில் பகுத்தறிந்து சிந்திக்கும் திறனையும் சொல்வளத்தையும் வளர்க்கும் பயிற்சி ஒன்று நடந்தது. அதற்கும் முந்தைய வகுப்புகளில் இருந்தவர்களுக்குக் கணிதம், உயிரியல், வேதியியல் என்று தனித்தனியாகப் பயிற்சிகள் நடந்தன. மறுமுனையில், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவரை ஒவ்வொரு படியிலும் கைப்பிடித்து நடத்த ஒரு அலுவலகம் இருந்தது. எந்த மாதம் எந்தத் தேர்வை எழுதுவது, விண்ணப்பக் கட்டுரையை எப்படித் திருத்துவது, நேர்காணலில் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் மருத்துவர் குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைத்துவிடும். சேவியர் மாணவர்களுக்கு அதைக் கல்லூரி கொடுத்தது.

பலன் உடனே வரவில்லை. 1990களில்தான், நாட்டின் மருத்துவக் கல்லூரிகளுக்கு அதிகமான கறுப்பினப் பட்டதாரிகளை அனுப்பும் கல்லூரியாகச் சேவியர் முதலிடத்துக்கு வந்தது. தன்னைப்போல் பத்து மடங்கு மாணவர் கொண்ட, நூறு மடங்கு செல்வம் கொண்ட பல்கலைக்கழகங்களை அது முந்தியது. அமெரிக்காவின் கறுப்பின மருந்தாளுநர்களை உருவாக்குவதிலும் அதன் மருந்தியல் கல்லூரி முன்வரிசையில் நின்றது. அமெரிக்கத் தலைமைப் பொதுநல மருத்துவராக 2009 முதல் 2013 வரை பணியாற்றிய ரெஜினா பெஞ்சமின் 1979இல் சேவியரில் பட்டம் பெற்றவர்.

இந்த முறையை வகுத்தவர்கள் ஆசிரியர்கள். தலைவரின் பங்கு என்ன என்ற கேள்வியை இங்கே நேர்மையாகக் கேட்க வேண்டும். பேராசிரியர்கள் தம் வகுப்பறைச் சுதந்திரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து ஒரே ஏட்டின்படி பாடம் நடத்துவது எந்தப் பல்கலைக்கழகத்திலும் எளிதில் நடக்கக்கூடியது அன்று. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்துப் புகழ் தேடும் தலைவர் ஒருவர் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வந்திருந்தால், முதலாமாண்டு மாணவர்களோடு மல்லுக்கட்டும் ஆசிரியர்களுக்கு மதிப்புக் கிடைத்திருக்காது. பயிற்சி ஏடுகளும் கோடைத் திட்டங்களும் அடுத்த தலைவரின் புதுத் திட்டத்துக்கு வழிவிட்டு மறைந்திருக்கும். ஃபிரான்சிஸ் அந்த வேலையைத் தொந்தரவு செய்யாமல், அதற்குப் பணம் தேடிக்கொடுத்து, இருபது ஆண்டுகள் காத்தார். நீண்ட பணிக்காலத்தின் முழுப் பொருள் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

வெளியுலகப் பொறுப்புகளும் அவருக்குக் குவிந்தன. பள்ளிக் கல்வியின் தரம் சரிந்துவருவதாக 1983இல் நாட்டையே எச்சரித்த தேசியக் கல்வி ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். 1972இல் நியூ ஆர்லியன்ஸில் கறுப்பினத்தவர் தொடங்கிய லிபர்ட்டி வங்கியை நிறுவியவர்களில் ஒருவராகி அதன் குழுத் தலைவராகவும் இருந்தார். 1987 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அமெரிக்கக் கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனங்களின் பிரதிநிதிகளைச் சேவியர் வளாகத்தில்தான் சந்தித்தார். இவற்றையெல்லாம் பெருமைப் பட்டியலாக நான் சொல்லவில்லை. வங்கியாளர், ஆயர், ஆளுநர், குடியரசுத் தலைவர் என்று யாரிடமும் தொலைபேசியில் நேரடியாகப் பேசக்கூடிய உறவு முப்பத்தைந்து ஆண்டுகளில் அவருக்கு அமைந்திருந்தது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

வெள்ளம்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி தாக்கியது. கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. தாழ்வான பகுதியில், கால்வாய் ஒன்றையொட்டி அமைந்திருந்த சேவியர் வளாகத்தில் ஆள் உயரத் தண்ணீர் புகுந்தது. சில நூறு மாணவர்களும் ஊழியர்களும் மாடிகளில் சிக்கிப் பல நாள் காத்திருந்து மீட்கப்பட்டனர். ஆய்வகங்கள், மின் அமைப்புகள், தரைத்தளங்கள் யாவும் பாழாயின. ஃபிரான்சிஸின் சொந்த வீடும் நீரில் போனது. அப்போது அவருக்கு 74 வயது.

அந்த நிலையில் கல்லூரியை ஓராண்டு மூடிவைப்பதே எளிய வழியாக இருந்திருக்கும். கட்டணத்தையே பெரிதும் நம்பியிருக்கும் சிறு கல்லூரிக்கு அது ஏறத்தாழ மரண தண்டனை. நாடெங்கும் சிதறிப்போய் வேறு கல்லூரிகளில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்த மாணவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள். ஜனவரியில் திறப்போம் என்று ஃபிரான்சிஸ் அறிவித்தார். காப்பீட்டுப் பணமும் கூட்டரசு இழப்பீடும் எப்போது வரும் என்று தெரியாத நேரத்தில், ஒப்பந்தக்காரர்கள் அவர் சொல்லை நம்பி வேலையைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஒரே ஊரில் ஒரே பொறுப்பில் இருந்து கடனைத் தவறாமல் அடைத்த மனிதரின் சொல்லுக்கு அன்று இருந்த விலை, எந்த வைப்பு நிதியாலும் ஈடு செய்ய முடியாதது.

2006 ஜனவரி 17 அன்று சேவியர் திறந்தது. முந்தைய மாணவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் திரும்பி வந்தார்கள். இழந்த பருவத்தை ஈடுகட்ட, கோடை முழுவதும் வகுப்புகள் நடந்து, ஆகஸ்டில் பட்டமளிப்பு விழா நடந்தது. அன்று உரையாற்ற வந்தவர் இல்லினாய் மாநிலத்தின் சார்பில் அமெரிக்க நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக இருந்த பராக் ஒபாமா. வெள்ளத்தின் ஐந்தாம் ஆண்டு நினைவு நாளில், 2010 ஆகஸ்ட் 29 அன்று, குடியரசுத் தலைவராக அதே வளாகத்துக்கு அவர் மீண்டும் வந்து பேசினார். கத்தார் அரசு வழங்கிய 1.75 கோடி டாலர் கொடையின் உதவியால் மருந்தியல் கல்லூரிக்குப் புதிய கட்டடம் எழுந்தது.

இந்த மீட்சிக்கு விலையும் கொடுக்கப்பட்டது. வெள்ளத்துக்குப் பிந்தைய மாதங்களில் ஆசிரியர்களிலும் ஊழியர்களிலும் பெரும் பகுதியினர் வேலை இழந்தனர். வீட்டையும் இழந்து வேலையையும் இழந்த அவர்களுக்கு, நிறுவனம் பிழைத்தது என்ற செய்தி எந்த அளவுக்கு ஆறுதல் தந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இந்தப் பகுதியைக் கடந்துவிடக் கூடாது. திறக்காமலே போயிருந்தால் எல்லோருடைய வேலையும் போயிருக்கும் என்ற வாதம் உண்மைதான். ஆயினும் அந்தச் சுமையை ஏற்றவர்கள் தலைவரைவிட எளியவர்கள்.

வீடுகளை மீட்பதில் வந்த சிக்கல் இதைவிடப் பெரியது. லூசியானா ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ 2005 அக்டோபரில் மாநில மீட்பு ஆணையத்தை அமைத்து, அதன் தலைவராக ஃபிரான்சிஸை நியமித்தார். பல்கலைக்கழகத்தைச் சேற்றிலிருந்து தூக்கி நிறுத்திக்கொண்டே மாநிலம் முழுவதன் சீரமைப்பையும் அவர் மேற்பார்வையிட்டார். வீடிழந்தவர்களுக்கு இழப்பீடு வழங்க அந்த ஆணையத்தின் வழியாக வந்த ‘ரோடு ஹோம்’ திட்டத்தில், வெள்ளத்துக்கு முந்தைய வீட்டு மதிப்பு, மறுசீரமைப்புச் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதையே அடிப்படையாகக் கொள்ளும் விதி இருந்தது. தலைமுறைகளாகத் தொடர்ந்த பாகுபாட்டால் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் வீட்டு மதிப்பு தாழ்ந்தே இருந்தது. ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம் என்றாலும், கறுப்பினக் குடும்பத்துக்குக் கிடைத்த தொகை வீட்டைக் கட்டி முடிக்கப் போதவில்லை. 2008இல் குடியிருப்பு உரிமை அமைப்புகள் வழக்குத் தொடுத்தன, 2011இல் 6.2 கோடி டாலர் கூடுதல் இழப்பீட்டுடன் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது.

அந்த விதியை ஃபிரான்சிஸ் தனியாக வகுத்தார் என்று சொல்ல முடியாது; கூட்டரசுத் துறையும் மாநில அதிகாரிகளும் அதில் பங்கு கொண்டவர்கள். ஆயினும் தலைமை நாற்காலியில் இருந்தவர், கறுப்பின வீடுகளின் மதிப்பு ஏன் குறைவாக இருக்கிறது என்பதை அந்த மாநிலத்தில் எவரையும்விட நன்றாக அறிந்தவர். ஒரு கல்லூரியில் பின்தங்கியவரைக் கண்டுபிடித்து உடனே கைகொடுக்கும் ஏற்பாட்டை முப்பது ஆண்டுகள் காத்த மனிதரின் பார்வை, மாநில அளவிலான ஒரு கணக்கு விதியில் அதே பாகுபாடு ஒளிந்திருந்ததை உரிய நேரத்தில் தடுக்காமல் போனது என்றே நான் கருதுகிறேன். ஒரே ஆளிடம் இரண்டு பெரும் பேரிடர்ப் பணிகளை ஒப்படைத்த மாநிலத்துக்கும் இதில் பங்கு உண்டு.

2006 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான விடுதலைப் பதக்கத்தை ஃபிரான்சிஸுக்கு அளித்தார்.

பதவிக்குப் பிறகு

ஃபிரான்சிஸ் 2015 ஜூன் மாதம் ஓய்வு பெற்றார். அவர் விட்டுச்சென்ற நிலை முழுக்கத் திருப்தியானது என்று சொல்வதற்கில்லை. மாணவர் எண்ணிக்கை வெள்ளத்துக்கு முந்தைய அளவை மீண்டும் எட்டவில்லை. அது 3,000 அளவிலேயே நின்றது. பெற்றோர் பெயரில் வழங்கப்படும் கல்விக் கடனுக்கான விதிகளைக் கூட்டரசு 2011இல் இறுக்கியபோது கறுப்பினக் கல்லூரிகள் பலவும் மாணவர்களை இழந்தன. வெள்ளச் சீரமைப்புக்காகக் கூட்டரசிடம் வாங்கிய பெருங்கடனும் தலைமேல் இருந்தது. 47 ஆண்டுகள் ஒருவரையே பார்த்துப் பழகிய நிறுவனம், அவர் இல்லாமல் முடிவெடுக்கப் பழக வேண்டியிருந்தது. அவருடைய கடைசி ஆண்டுகளில் பதவியேறிய பேராசிரியர்கள் எவரும் இன்னொரு தலைவரைக் கண்டதே இல்லை.

அடுத்து வந்தவர் ஹைத்தியில் பிறந்த உயிர்வேதியியலாளர் ரெனால்ட் வெரெட். வாரிசு மாற்றம் நிறுவனத்தை உடைக்குமோ என்ற அச்சத்துக்கு அடுத்த பத்தாண்டுகளில் விடை கிடைத்தது. சேவியர் உள்ளிட்ட நான்கு கறுப்பினக் கல்லூரிகள் சூறாவளிக்குப் பின் வாங்கியிருந்த கடனில் 32.2 கோடி டாலரை 2018 மார்ச் மாதத்தில் அமெரிக்கக் கல்வித் துறை தள்ளுபடி செய்தது. 2020இல் மெக்கென்சி ஸ்காட் 2 கோடி டாலர் நன்கொடை அளித்தார். வளாகத்தை ஒட்டிச் செல்லும் பெருஞ்சாலை, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸின் பெயரைச் சுமந்திருந்தது. 2021 ஜனவரி முதல் அது நார்மன் ஃபிரான்சிஸ் பெயரில் வழங்குகிறது.

2024இல் சேவியர், நியூ ஆர்லியன்ஸின் ஆக்ஸ்னர் மருத்துவ அமைப்புடன் சேர்ந்து சொந்தமாக ஒரு மருத்துவக் கல்லூரியை உருவாக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. ஐம்பது ஆண்டுகளாகத் தன் பட்டதாரிகளைப் பிறருடைய மருத்துவக் கல்லூரிகளுக்குத் தயாரித்து அனுப்பிய நிறுவனம், அவர்களைத் தானே மருத்துவர்களாக்க முனைகிறது. அந்தக் கல்லூரிக்கு வேண்டிய மாணவர்கள் யார், அவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தால் நிலைப்பார்கள் என்பதைச் சேவியர் முதலாமாண்டு வேதியியல் வகுப்பிலேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அங்கே கற்றதை மருத்துவப் படிப்பின் முதலாண்டுக்கும் கொண்டுபோக முடிகிறதா என்பதைப் புதிய கல்லூரியின் முதல் சில அணி மாணவர்களை வைத்தே மதிப்பிட முடியும்.